தோல் தைக்கும் மெஷினுக்குத் திருஷ்டி உண்டா?

(இராஜபாளையத்தில், ஆயுத பூசை கழிந்த மறுவாரம் கூடிய பகுத்தறிவுப் பிரச்சாரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய தோழர்கள் கடவுளைப் பற்றியும், புராணங்களைப் பற்றியும், சடங்குகளைப் பற்றியும் வேண்டிய மட்டும் பேசிவிட்டார்கள். ஆகவே நான் அந்தச் சங்கதிகளுக்குப் போகாமல் ஒரு மெஷினைப் பற்றி மாத்திரம் பேசலாமென்று வந்திருக்கிறேன். அது ஆகாய விமானமுமல்ல, ராக்கெட்டுமல்ல. பூட்ஸுக்கு அடித்தோல் வைத்துத் தைக்கின்ற கனத்த தையல் மெஷின். "இதென்ன பிரச்சாரம்? செருப்புத் தைக்கிற கதையைக் கேட்கவா வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்தோம்?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். பேச்சு முடிகிற வரையில் பொறுத்திருந்து, பிறகு இது பிரச்சாரந்தானா அல்லவா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

மில் தொழிலாளிக்குத் தெரிந்த சங்கதி

இந்த இராஜபாளையம் நூலை நம்பிப் பிழைக்கிற ஊர். 1936-ம் வருஷத்தில் இராஜபாளையம் மில்ஸ் ஏற்பட்டது முதல் எத்தனையோ பஞ்சாலைகள் இந்தப் பக்கத்தில் உண்டாயின. அடுத்தாற்போலிருக்கிற சத்திரப்பட்டியில் உலகத்தார் காயத்துக்கெல்லாம் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஆகையால் நூல் அறுந்தால் என்ன செய்வதென்று உங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

நூற்கின்ற மெஷினில் ஒரு கதிரில் நூல் அறுந்தால் அங்கே நிற்கிற தோழரோ தோழியரோ, "ஐயோ, எனக்கு ஏழரை நாட்டுச் சனி" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. எட்டி ஒட்டிவிட்டு அடுத்த கதிருக்குப் போகிறார். அதே கதிரில் திரும்பத் திரும்ப அறுந்தால், டிராவலர் தேய்ந்திருக்கிறதா, ரிங்கில் அழுக்கு ஏறியிருக்கிறதா, கதிர் ஆடுகிறதா என்று பார்க்கிறார்கள். பக்கத்துக் கதிர்களெல்லாம் ஒழுங்காக ஓடும்போது இந்த ஒன்று மாத்திரம் ஏன் அறுகின்றது என்பதுதான் அங்கே கேட்கப்படுகிற கேள்வி. இந்தக் கேள்விக்குப் பெயர்தான் பகுத்தறிவு என்பதாகும். அதற்கு வடமொழியும் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம்.

ஆனால் அதே தோழர் ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிறார். குழந்தைக்குக் காய்ச்சல். உடனே "கண் பட்டுவிட்டது, மிளகாய் சுற்று, பூசாரியைக் கூப்பிடு" என்கிறார். மில்லுக்குள் இருந்த அந்தப் புத்தி எங்கே போயிற்று என்று கேட்கிறேன். வாசலில் அடையாளச் சீட்டைக் கொடுத்துவிட்டு வருகிற மாதிரி, புத்தியையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோமா? நூலுக்கு ஒரு நியாயம், குழந்தைக்கு ஒரு நியாயமா?

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தோழரின் கஷ்டம்

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூரில் நமது தோழர் ஒருவர் இருக்கிறார். பூட்ஸும் செருப்பும் ரிப்பேர் செய்து பிழைக்கிறவர். அருந்ததியர் வகுப்பைச் சேர்ந்தவர். பெயர் நமக்கு அவசியமில்லை. முப்பது வருஷ காலம் குத்தூசியும் கையுமாகத் தெருவோரத்தில் உட்கார்ந்து தைத்துத் தோள்பட்டை கழன்றுபோன மனிதர். ஒரு ஜோடி கனத்த பூட்ஸுக்கு அடித்தோல் மாற்றிக் கையால் தைத்து முடிக்க அரைநாள் ஆகிவிடும். போலீஸ்காரர், மேற்குமலைக்குக் காவலுக்குப் போகிற வனக்காவலர், மில் வாட்ச்மேன் ஆகிய இவர்கள்தான் அவருக்கு வாடிக்கை.

அவர் வட்டிக்குக் கடன் வாங்கி, மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து பழைய தோல் தையல் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். வார்ப்பிரும்பு, நாலு ஆள் சேர்ந்தால்தான் தூக்கலாம். சில மாதம் மெஷின் நன்றாகவே ஓடிற்று. போன வருஷம் ஆயுத பூசை வந்தது. அது கழிந்து சில நாளில், தையலின் ஒரு பக்கம் நூல் இறுகாமல் சுருள் சுருளாகத் தொங்க ஆரம்பித்தது. பார்வைக்குத் தைத்த மாதிரி இருக்கும், நடந்தால் பிரிந்துவிடும். ஒரு வனக்காவலர் மலைமேல் போனவிடத்தில் அடித்தோல் வாயைப் பிளந்துகொள்ள, காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து, அந்த பூட்ஸை நமது தோழர் முன்னால் வீசியெறிந்துவிட்டுப் போனார். முப்பது வருஷத்தில் அவர் கைத்தையலுக்கு அப்படி ஓர் அவமானம் வந்ததில்லை.

அவர் என்ன செய்தார்? முதலில் எலுமிச்சம்பழம் கட்டினார். பிறகு மறுபடியும் சந்தனம் வைத்தார். அதற்கும் கேட்காமற்போகவே, ஒரு மந்திரவாதி வந்து மெஷினைச் சுற்றிப் பார்த்து, "இது சாவு விழுந்த இடத்திலிருந்து வந்த இரும்பு, இதை ஓட்டினவன் ஆவி இதில் இருக்கிறது" என்று சொல்லி, இரண்டு தவணையில் 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, மெஷினுக்குக் கறுப்புக் கயிறு கட்டிவிட்டுப் போனான். ஆவி போகவில்லை, 3,500 ரூபாய்தான் போயிற்று. கடைசியில் மெஷினைப் பழைய இரும்புக்குப் போடுவதென்று நிச்சயித்துவிட்டார். கடனோ அப்படியே நின்றது.

மந்திரவாதியிடம் போவதற்கு முன் அவர் மெக்கானிக்கிடம் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனார், தோழர்களே! தையற்காரர்களுடைய மெஷின்களையெல்லாம் வீடு தேடிப் போய் ரிப்பேர் செய்கிற ஒருவரிடம் போய்க் கேட்டார். அவர், "மெஷினைத் தூக்கிக்கொண்டு வா, பார்க்கலாம்" என்றார். நாலு ஆள் தூக்குகிற மெஷினை எப்படித் தூக்கிக்கொண்டு வருவது? மற்றவர்கள் வீட்டுக்குப் போகிற கால் இந்தத் தெருவுக்கு மாத்திரம் ஏன் வரவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மெக்கானிக் வராத தெருவுக்கு மந்திரவாதி வருகிறான். அறிவு நுழைய மறுக்கிற இடத்தில் பித்தலாட்டம் தாராளமாக நுழைகின்றது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாராமல், "கீழ்ஜாதிக்காரன்தான் பேய் பிசாசை அதிகமாக நம்புகிறான்" என்று பரிகாசம் பண்ணுவது வெகு அக்கிரமமாகும்.

தையல் எப்படி உண்டாகிறது?

மெஷினைப் புரிந்துகொண்டால் பேய் ஓடிவிடும். ஆகையால் அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுகிறேன்.

கையால் தைக்கிறவர் குத்தூசியால் ஒரு துளை போட்டு, ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒரு நூலையும் அந்தப் பக்கமிருந்து ஒரு நூலையும் விட்டு இழுக்கிறார். மெஷினும் ஏறக்குறைய அதைத்தான் செய்கின்றது. அதற்கும் இரண்டு நூல். ஒன்று ஊசி கொண்டுபோகிற நூல். மற்றொன்று பாபினில் சுற்றியிருக்கிற நூல். ஊசி தோலுக்குள் புகுந்து திரும்பும்போது ஒரு சிறு வளையம் உண்டாகிறது. பாபினை வைத்திருக்கிற ஷட்டில் அந்த வளையத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது. உடனே ஒரு கம்பி நூலை மேலே இழுத்து இறுக்குகிறது. இரண்டு நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளுகிற முடிச்சு தோலின் நடுவயிற்றில் போய் ஒளிந்துகொள்ள வேண்டும். நடுவில் இருந்தால் நல்ல தையல். ஒரு பக்கமாக வந்து நின்றால் தையல் கெட்டது என்று அர்த்தம். சில கனத்த மெஷின்களில் துளை போடுவதற்கென்று ஒரு குத்தூசியும், நூல் கொண்டுபோவதற்கென்று வேறு ஊசியும் உண்டு. சில ஊசிகளுக்குக் காது இருக்கும். சிலவற்றுக்கு நுனியில் கொக்கி இருக்கும். எப்படியானாலும் அடிப்படைச் சங்கதி ஒன்றே.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். தையல் மெஷினுக்கு முதல் வரைபடம் என்று சொல்லத்தக்கதை 1790-ல் இங்கிலாந்தில் தாமஸ் செயின்ட் என்கிற மரவேலைக்காரர் பதிவு செய்தார். அதில் துளை போடக் குத்தூசியும், பின்னால் நூல் கொண்டுபோக ஓர் ஊசியும் இருந்தன. அது எதைத் தைப்பதற்கென்று நினைக்கிறீர்கள்? பட்டுப் பீதாம்பரத்தையல்ல, தோலையும் கித்தானையும் தைப்பதற்கு! செருப்புத் தைக்கிறவருடைய கையைப் பார்த்துத்தான் அந்த மெஷின் பிறந்திருக்கிறது. பூட்ஸுக்கு அடித்தோல் தைக்கிற மெஷினை 1858-ல் அமெரிக்காவில் லைமன் பிளேக் என்பவர் பதிவு செய்தார். அதைக் கார்டன் மக்கே என்பவர் வாங்கித் திருத்தி, அந்த நாட்டு உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் சிப்பாய்களுக்கு பூட்ஸ் செய்யப் பயன்படுத்தினார். இதிலெல்லாம் எந்தத் தேவதைக்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொன்றும் ஒரு மனிதன் யோசித்து, தவறு செய்து, திருத்திச் செய்ததேயாகும்.

நான் செய்த முட்டாள்தனம்

சின்ன வயதில் ஒரு பட்டறையில் எடுபிடியாக இருந்து கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்ட கொஞ்ச வித்தை எனக்கு உண்டு. தோழர் சொல்லியனுப்பியதும் போனேன். வாசலிலேயே, "அண்ணாச்சி, மெஷினை ஏதோ பிடிச்சிருக்கு, நீங்க தொட வேண்டாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்தபடி நான் செய்த காரியத்தைக் கேட்டால் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள்.

எப்போதோ ஒரு மெஷினில் ஷட்டிலும் ஊசியும் சந்திக்கிற நேரம் தவறிப் போனதை நான் பார்த்திருந்தேன். ஆகையால் இதுவும் அதுதான் என்று பார்த்தவுடனே தீர்மானித்துவிட்டேன். ஒன்றையும் சோதிக்கவில்லை. ஸ்குரு இருந்த இடத்தில் ஒரு கோடு கிழித்து அடையாளம் வைத்துக்கொள்ளவுமில்லை. திருப்புளியை எடுத்துத் திருகிவிட்டேன். அதுவரையில் சுருள் விழுந்துகொண்டிருந்த மெஷின் அதற்குமேல் தையலையும் விட்டு விட்டுப் போட ஆரம்பித்தது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒன்றரை நாள் பிடித்தது. தோழர் ஒன்றும் சொல்லவில்லை. கறுப்புக் கயிற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

மந்திரவாதி பார்த்தவுடனே "ஆவி" என்றான். நான் பார்த்தவுடனே "டைமிங்" என்றேன். இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? அவன் காசு வாங்கினான், நான் வாங்கவில்லை, அவ்வளவுதான்! சோதித்துப் பாராமல் சொல்லுகிற முடிவு இங்கிலீஷ் பெயரோடு வந்தாலும் அது மூடநம்பிக்கையேயாகும். பகுத்தறிவுக்காரன் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டதனால் மாத்திரம் ஒருவனுக்குப் பகுத்தறிவு வந்துவிடாது. இதை நமது இயக்கத் தோழர்களுக்கே முதலில் சொல்லிக்கொள்ளுகிறேன்.

ஒரு பெண் கேட்ட கேள்வி

அந்தத் தோழருக்கு ஒரு மகள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறவள். 2009-ம் வருஷத்தில் அருந்ததியருக்குத் தமிழ்நாட்டில் 3 சதவிகித உள் ஒதுக்கீடு ஏற்பட்டதும், அப்படி உட்பிரிவு செய்வது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னதும் உங்களுக்குத் தெரிந்ததே. ஒதுக்கீட்டினால் தகுதி கெட்டுப்போகிறது என்று பேசுகிறவர்கள் அந்தப் பெண் கேட்ட கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

"மாமா, மெஷின் எந்த நாளிலிருந்து கெட்டது? அதற்கு முந்தின நாள் மெஷினுக்கு என்ன செய்தோம்?"

இவ்வளவுதான் கேள்வி. நான் ஒன்றரை நாளாகக் கேட்காதது. தகப்பனார் யோசித்து, "ஆயுத பூசைக்கு மறுநாள் முதல்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தது" என்றார். "பூசையில் என்ன செய்தீர்கள்?" "வழக்கம்போல எல்லா இடத்திலும் சந்தனம், குங்குமம் வைத்தோம்."

ஊசி நூல் வருகிற வழியில் அந்த மெஷினுக்கு இரண்டு சிறு வட்டத் தட்டுகள் உண்டு. ஒரு வில் அவற்றை அழுத்திக்கொண்டிருக்கும். நூல் அந்த இரண்டுக்கும் நடுவே நெருக்குண்டு வந்தால்தான் அதற்கு இழுப்பு இருக்கும். அந்தப் பெண் அந்தத் தட்டுகளைக் கழற்றினாள். உள்ளே பார்த்தால், தோழர்களே, சந்தனமும் குங்குமமும் நூலின் மெழுகோடு கலந்து காய்ந்து செங்கல் மாதிரி கெட்டியாக இருந்தது! தட்டு இரண்டும் ஒட்டவே முடியாதபடி நடுவில் ஒரு சுவர். நூலைப் பிடிக்க ஆளில்லை. ஊசி நூலுக்கு இழுப்பு இல்லாவிட்டால் பாபின் நூல் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பாபின் பக்கத்தில் சுருள் விழும். மெஷின் குறை சொல்லச் சொல்ல அதற்குப் பரிகாரமாக இவர் இன்னும் சந்தனம் வைத்திருக்கிறார். நோயையே மருந்து என்று கொடுத்திருக்கிறார்!

மண்ணெண்ணெய்த் துணியால் தட்டுகளைத் துடைத்து மாட்டினோம். ஒரு துண்டுத் தோலில் தைத்துப் பார்த்தோம். முடிச்சு நடுவில் போய் உட்கார்ந்தது. 3,500 ரூபாய்க்குப் போகாத ஆவி ஒரு முழத் துணிக்குப் போயிற்று.

பார்க்க வேண்டிய வரிசை

இந்தக் கூட்டத்திலும் தையல் வேலை, தோல் வேலை செய்கிற தோழர்கள் இருப்பீர்கள். அவர்களுக்காக அன்று நாங்கள் ஒரு நோட்டில் எழுதி வைத்ததைச் சொல்லுகிறேன்.

முதலாவது, மோட்டாரையோ மிதியையோ விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். எங்கே முட்டுகிறது, எங்கே இழுக்கிறது என்று மெஷினே சொல்லும். ஷட்டில் ஓடுகிற வழியில் பழைய நூல் துண்டும், தோல் தூளும், கெட்டிப்பட்ட எண்ணெயும் அடைத்திருந்தால் சுத்தம் செய்து புது எண்ணெய் விடுங்கள்.

இரண்டாவது, நூலை முழுவதும் உருவிவிட்டு முதலிலிருந்து கோர்த்துப் பாருங்கள். ஊசியைக் கழற்றிக் கண்ணாடித் துண்டின்மேல் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் ஆடும். மழுங்கியிருந்தாலும், நூலுக்குத் தகுந்த நம்பர் இல்லாவிட்டாலும், திரும்பி மாட்டியிருந்தாலும் கெடும். பெரும்பாலான கோளாறுகள் இந்த இரண்டோடு தீர்ந்துவிடும்.

மூன்றாவது, நூலின் முறுக்கு. இது உங்கள் ஊர்ச் சங்கதி. ஒழுங்காக ஓடின பழைய நூலையும், புதிதாக வாங்கின நூலையும் விரலிடையில் ஒரே திசையில் உருட்டிப் பாருங்கள். ஒன்று இறுகி மற்றொன்று பிரிந்தால், நீங்கள் வாங்கினது எதிர் முறுக்கு. அது மெஷினில் ஓடும்போதே பிரி பிரியாகப் போய் அறும்.

நான்காவது, இழுப்பு. பாபின் பக்கம் சுருள் விழுந்தால் ஊசி நூலின் இழுப்பைப் பாருங்கள். ஊசிப் பக்கம் பாபின் நூல் ஏறி வந்தால், ஊசி நூல் அதிகமாக இறுகியிருக்கிறது, அல்லது பாபின் நூல் தளர்ந்திருக்கிறது.

ஐந்தாவது, தையல் விட்டு விட்டுப் போனால், ஊசிக்கு அடுத்தபடி, தோலை அமுக்குகிற பாதத்தைப் பாருங்கள். அமுக்கம் போதாவிட்டால் ஊசி திரும்பும்போது தோலும் கூடவே தூக்கிக்கொள்ளும். வளையம் உண்டாகாது. வளையம் இல்லாவிட்டால் ஷட்டில் எதில் நுழையும்?

ஆறாவது, நூல் உராய்ந்து அறுந்தால், அது போகிற வழியெல்லாம் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். எங்கேயாவது பிசிறு தட்டினால் நைஸ் எமரித் தாளால் தேய்த்துவிடுங்கள். குத்தூசி உள்ள மெஷினானால் அது போடுகிற துளை நூலுக்குப் போதுமா என்றும் பாருங்கள்.

ஏழாவது, ஊசி ஒடிந்தால், பழைய பூட்ஸுக்குள் ஆணி இருக்கிறதா என்று தைப்பதற்கு முன்னமே ஒரு காந்தத்தால் தடவிப் பாருங்கள். தோலைக் கையால் இழுத்துத் தள்ளாதீர்கள்; நகர்த்துகிற வேலையை மெஷினுக்கு விட்டுவிடுங்கள்.

டைமிங்கில் கை வைப்பது இவை எல்லாவற்றுக்கும் கடைசியில். அதுவும் கோடு கிழித்து அடையாளம் வைத்த பிறகே. ஒரு தடவைக்கு ஒன்றை மாத்திரம் மாற்றுங்கள். மாற்றினதை எழுதி வையுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது, எது கெடுத்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

ஆயுதத்துக்கு மரியாதை எது?

இவ்விடத்தில் சில நண்பர்கள், "வருஷத்தில் ஒரு நாள் ஆயுதத்துக்கு மரியாதை செய்வது தப்பா?" என்று கேட்பார்கள். அன்றைக்கு மெஷினைத் துடைப்பது நல்ல காரியமே. அதை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் வருஷத்தில் ஒரு நாள் துடைத்து 364 நாள் அழுக்கில் விடுவது என்ன மரியாதை? தினந்தோறும் இரவில் தூசி தட்டி, எண்ணெய் விட்டு, ஊசியைப் பார்த்து வைப்பதுதான் ஆயுதத்துக்கு மரியாதை. ஆண்டவன் பவனி வருகிற தேருக்கே பல ஊர்களில் திருச்சி பி.எச்.இ.எல். தொழிற்சாலையிலிருந்து இரும்புச் சக்கரமும் பிரேக்கும் செய்து வந்து மாட்டியிருக்கிறார்கள். சக்கரத்தின் கீழ் மனிதர் நசுங்காமலிருக்க மந்திரத்தை நம்பாமல் பிரேக்கை நம்பியிருக்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்லுகிறேன்.

தோல் தீட்டு, தோலின் பலன் தீட்டில்லையா?

தோலைத் தொடுகிறவன் தீட்டு என்கிறார்கள். மிருதங்கத்தில் மாட்டுத் தோல் இருக்கிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு பகவானுக்குக் கீர்த்தனம் வாசிக்கிறார்கள். தோல் தீட்டில்லை, தோலைப் பதப்படுத்திக் கொடுத்தவன் தீட்டு! இது என்ன நியாயம்? எல்லாருக்கும் செருப்புத் தைத்துக் கொடுத்தவன், மேல்ஜாதித் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமென்று வைத்திருந்த நாடு இது. அந்த வழக்கம் எல்லாக் கிராமங்களிலும் செத்துவிட்டது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல உங்களால் முடியுமா?

ஏகலைவனிடம் கட்டை விரலைக் கேட்டதாகப் புராணம் சொல்லுகிறது. இப்போது விரலைக் கேட்பதில்லை. "மெஷினைத் தூக்கிக்கொண்டு வா" என்கிறார்கள். வித்தையைக் கொடுக்காமல் தடுப்பதில் இரண்டும் ஒன்றே.

வித்தையைத் தடுத்தும் ஒருவன் கற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சரித்திரம் சொல்லுகிறேன். 1852-ல் தென்னமெரிக்காவில் சூரினாம் நாட்டில் டச்சுக்காரத் தகப்பனுக்கும் கறுப்பு அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர் ஜான் மாட்சலிகர். பூட்ஸ் தொழிலுக்குப் பேர்போன அமெரிக்க நாட்டு லின் நகரத்துக்கு வந்து கூலி வேலை செய்தார். அங்கே அடித்தோல் தைக்க மெஷின் வந்துவிட்டது. ஆனால் மேல்தோலைக் கட்டையின்மேல் இழுத்து மடித்து அடித்தோலோடு சேர்க்கிற வேலைக்கு மெஷின் வரவே வராது என்று அந்த வேலைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கறுப்பர் என்று வெள்ளையர் மாதாகோவில்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இங்கிலீஷ் பாஷையே சரியாகத் தெரியாத அவர் இரவில் புத்தகம் படித்து, சுருட்டுப் பெட்டிப் பலகையையும் கம்பியையும் வைத்து மாதிரி செய்து, 1883 மார்ச்சு 20-ந் தேதி அந்த மெஷினைப் பதிவு செய்துவிட்டார். கையால் நாளைக்கு 50 ஜோடி ஆன இடத்தில் மெஷின் 150 முதல் 700 ஜோடி வரை செய்தது. உலகத்தில் பூட்ஸ் விலை இறங்கிற்று. அவரோ காசநோயால் 1889-ல், நாற்பது வயதுகூட ஆகுமுன் இறந்துபோனார். மெஷின் அவர் நிறத்தைக் கேட்கவில்லை, மனிதர்தான் கேட்டார்கள்.

மறுபடியும் குலத்தொழிலா?

"அப்படியானால் செருப்புத் தைக்கிறவன் மகன் செருப்பே தைக்க வேண்டுமென்கிறீர்களா?" என்று யாராவது கேட்டால், ஒருக்காலும் இல்லை என்று சொல்லுவேன். 1953-ல் இராஜகோபாலாச்சாரியார் முதன்மந்திரியாயிருந்தபோது அரைநாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார், நாடே எதிர்த்தது. 1954-ல் நமது விருதுநகர்க் காமராஜர் முதன்மந்திரியாக வந்து அதை எடுத்துப் போட்டார். 2023-ல் ஒன்றிய அரசு விசுவகர்மா பெயரால் 18 கைத்தொழில்களுக்கு ஒரு திட்டம் வகுத்தது. செருப்புத் தைக்கிறவரும் அதில் ஒருவர். வழிவழியாகக் குடும்பத் தொழிலாக இருக்க வேண்டுமென்கிற நிபந்தனையை ஒப்புக்கொள்ளாமல், தமிழ்நாட்டு அரசு 2025-ல் குலம் கேட்காத கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கிற்று. கடன் கொடுப்பது நல்லது. பிறப்பைக் கேட்டுக் கொடுப்பதுதான் கெட்டது.

நான் சொல்லுவதும் அதுவே. தொழில் தெரிந்தவன் அதை அறிவோடு செய்யட்டும். நல்ல கூலி வாங்கட்டும். அவன் மகளோ மகனோ வேறெதற்குப் போனாலும் போகட்டும். ஐயங்கார் வீட்டுப் பிள்ளையும் ஆசையிருந்தால் பூட்ஸ் தைக்கட்டும். குத்தூசியைப் பிறப்போடு சேர்த்துத் தைத்திருக்கிறார்களே, அந்தத் தையலைத்தான் நாம் பிரிக்க வேண்டும்.

முடிவாக

தோழர்களே! அந்த மெஷின் ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பூட்ஸை வீசியெறிந்த வனக்காவலருக்கு நமது தோழர் காசு வாங்காமல் மறுபடி தைத்துக் கொடுத்தார். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, அன்னைக்குக் கோபத்துல செஞ்சிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லி இன்னொரு ஜோடியையும் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்புக் கயிற்றை நான் அறுக்கவில்லை, அறுக்கச் சொல்லவுமில்லை. சில நாள் கழித்துப் போனபோது அதைக் காணோம். கேட்டதற்கு, "நூல் போற வழியில உரசுச்சு, அண்ணாச்சி, எடுத்துட்டேன்" என்றார். நமது பிரச்சாரத்தில் இதைவிட நல்ல வெற்றி வேறென்ன வேண்டும்?

இந்த வருஷம் அவர் ஆயுத பூசை செய்தாரா என்று நான் கேட்கவில்லை. தட்டுகளைத் துடைத்தாரா என்று மாத்திரம் கேட்டேன். துடைத்திருந்தார்.

நீங்கள் நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் உங்கள் மெஷினைச் சுற்றிப் பாருங்கள். நமது படிப்பகங்களில் கடவுள் மறுப்பு வாசகம் எழுதியிருக்கிற சுவருக்குப் பக்கத்துச் சுவரில், பம்பு செட்டு, தறி, தையல் மெஷின் இவைகளின் கோளாறு பார்க்கிற வரிசையைத் தமிழில் எழுதி மாட்டுங்கள். தொழில் தெரிந்த தோழர்கள் எந்தத் தெருவென்று கேட்காமல் போய்ப் பாருங்கள். நாம் போகாத தெருவுக்கு மந்திரவாதி போவான் என்பதை மாத்திரம் மறந்துவிடாதீர்கள்.